இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தில் மீன்

கரையை விட்டு நாலைந்து கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால் மூன்று பக்கமும் தண்ணீர்தான். அந்தத் தண்ணீருக்கு அடியில், இருபது பாகம் ஆழத்தில், ஒரு பார் கிடக்கிறது. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. மீன் அண்டும் இடம். மேலிருந்து பார்த்தால் ஒரு அடையாளமும் தெரியாது. ஆனாலும் குமரிக் கடற்கரையில் உள்ள கடியப்பட்டணத்துப் பெரியவர்கள் தூண்டிலைச் சரியாக அதன் தலையில் இறக்குவார்கள்.

"எப்படி பாட்டா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பேரன் கேட்டான். வலை பொத்திக்கொண்டிருந்த பாட்டா நிமிராமலே சொன்னார்: "கணியம் பாக்கணும் மக்கா. அந்தத் தென்னையும் அதுக்குப் பொறத்த நிக்க கோயில் கோபுரமும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு மறையுதா? அப்பம் நீ ஒரு நேருல நிக்க. அந்த நேர விடாம போய்க்கிட்டே இரு. இந்தப் பக்கம் லைட்டவுசும் மலையில ரெண்டாவது முடியும் ஒண்ணாச் சேரும். சேந்த எடத்துல கல்லப் போடு. பார் அங்கதான் கெடக்கு."

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது. கரையில் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று மறைத்தால் ஒரு நேர்கோடு. வேறு இரண்டு பொருள்கள் மறைத்தால் இன்னொரு நேர்கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளி ஒன்றே ஒன்றுதான். 1637இல் தெகார்த் அச்சில் ஏற்றிய வடிவியலின் உயிர்நாடி இதுதான். நம் பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் 'ஆயத்தொலை வடிவியல்' என்ற பெயரில் படிப்பதும் இதைத்தான். பேரனிடம் அந்தப் பாடம் நடந்துவிட்டதா என்று கேட்டேன். நடந்துவிட்டதாம். அதில் எவ்வளவு மதிப்பெண் என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

பாட்டாவின் கணியமும் பேரனின் பாடநூலும் ஒரே வீட்டில் இருக்கின்றன. ஒன்றுக்கொன்று அறிமுகமே இல்லை. இரண்டையும் பேசவைப்பது எப்படி என்பதுதான் சில மாதங்களாக என் மனசை அரிக்கும் கேள்வி.

மேற்கே மணவாளக்குறிச்சி, கிழக்கே முட்டம், நடுவில் கடியப்பட்டணம். வள்ளியாறு கடலில் சேரும் பொழிமுகம் இங்கே இருக்கிறது. முட்டம் கலங்கரை விளக்கம் என்று ஊர் உலகம் சொல்லும் விளக்கு நிற்பது கடியப்பட்டணத்துப் பாறைமேல். பேதுரு பவுல் கோயில் மணி அடித்தால் கரை முழுக்கக் கேட்கும். பாரதிராஜா 1986இல் 'கடலோரக் கவிதைகள்' எடுத்தது இந்தக் கரையில்தான். முரடன் சின்னப்பதாஸுக்கு ஜெனிபர் டீச்சர் எழுத்துச் சொல்லிக்கொடுத்ததை நாடே பார்த்தது. இந்தக் கரை டீச்சருக்குச் சொல்லிக்கொடுக்க வைத்திருந்ததை எந்தப் படமும் காட்டவில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

அந்தக் கரை காலடியிலிருந்தே பாடத்தை ஆரம்பித்துவிடும். மழைக்காலத்து அலை ஓய்ந்த பிறகு வந்து பாருங்கள். வெள்ளை மணலின் நடுவே மை கொட்டினாற்போலக் கரும்பட்டைகள் ஓடும். ஒரு சிரட்டையில் அந்த மணலை அள்ளி, தண்ணீர் விட்டு, மெதுவாகச் சுழற்றினால் வெள்ளை மணல் வழிந்து போகும். கறுப்பு அடியிலேயே தங்கும். அலை செய்த வேலையைப் பிள்ளையின் கையும் செய்துவிடுகிறது. இனி அளக்கலாம். ஒரே டம்ளரில் தலைதட்டி வெள்ளை மணலை ஒரு தடவையும் கறுப்பு மணலை ஒரு தடவையும் மளிகைக்கடைத் தராசில் வைத்தால், கறுப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை காட்டும். கன அளவு ஒன்றுதான், நிறை வேறு. 'அடர்த்தி' என்ற சொல்லை அந்த நிமிஷத்தில் சொல்லிக்கொடுங்கள். பிள்ளை சாகும்வரை மறக்காது. பழைய ஹார்டு டிஸ்க்கிலிருந்து எடுத்த வலுவான காந்தத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்த மணலில் உரசினால் கறுப்புப் பொடி மீசை மீசையாக ஒட்டும். அது இல்மனைட். பக்கத்து ஊர் மணல் ஆலையில் நடப்பதும் அடிப்படையில் இதே வேலைதான். தண்ணீர் ஓட்டத்தில் எடையால் பிரிப்பார்கள், காந்தத்தால் பிரிப்பார்கள், உயர் மின்னழுத்தத்தால் பிரிப்பார்கள்.

இந்த மணல் உலகத்துக்குத் தெரியவந்ததே ஒரு கூர்ந்த கண்ணால்தான். 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறி வந்த தென்னை நாரில் ஒட்டிக்கொண்டிருந்த மணலைத் தட்டிவிடாமல் சோதித்தார். அதில் மோனசைட் இருந்தது. பெட்ரோமாக்ஸ் போன்ற விளக்குகளின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதற்குள் இருந்தது. அதைத் தொடர்ந்துதான் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வந்தது. அதே மோனசைட்டால்தான் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடக் கூடுதல். மணல் எடுப்பது பற்றி ஊரில் அச்சமும் சண்டையும் உண்டு. அந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்பதை இந்தப் பிள்ளைகள் வளர்ந்து தாங்களே முடிவு செய்வார்கள். ஆனால் கதிர்வீச்சு மானி காட்டும் எண்ணைப் படிக்கத் தெரியாமல், பிறர் சொன்னதை நம்பி முடிவு செய்யும் நிலை அவர்களுக்கு வரக்கூடாது. அளவு தெரிந்தவர்களின் பேச்சு எடுபடும்.

நான் படித்த பள்ளியில் அடர்த்தி என்பது இரண்டு மதிப்பெண் வினா. பரிசோதனைக்கூட அலமாரியில் காந்தமும் தராசும் இருந்தன, பூட்டும் இருந்தது. உடைந்துவிடும் என்று ஆசிரியர் சாவியைக் கொடுக்கமாட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை, உடைந்தால் அவர் சம்பளத்தில் பிடித்திருப்பார்கள். ஆனால் அந்தப் பூட்டுக்குப் பின்னால் என் வயதுப் பிள்ளைகள் எத்தனை பேரின் இயற்பியல் கிடந்து துருப்பிடித்தது என்று நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது.

பூட்டு தேவையில்லாத பரிசோதனைக்கூடம் பற்றி நம் மாநிலத்தில் யோசித்தவர்கள் உண்டு. டி. சுந்தர ராவ் 1893இல் சென்னையில் ஒரு புத்தகம் வெளியிட்டார். தாளை மடித்தே வடிவியலைக் கற்பிப்பது எப்படி என்பதுதான் அதன் பொருள். மழலையர் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மடித்து விளையாடக் கொடுக்கும் வண்ணத்தாள்களைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. ஜெர்மனியின் பெரும் கணிதர் ஃபீலிக்ஸ் கிளைன் தம் நூலில் அதைக் குறிப்பிட, 1901இல் அமெரிக்காவில் அது மறுபதிப்பு ஆனது. ஒரு சதுரத்தாளை எடுத்து நேர்பாதியாக மடித்து விரியுங்கள். அடிப்பக்கத்து ஒரு மூலையைத் தூக்கி, மற்ற மூலை நகராதபடி, நடுமடிப்பின்மேல் வைத்து அழுத்துங்கள். அது தொட்ட புள்ளியையும் அடிப்பக்கத்து இரு மூலைகளையும் இணைத்தால் சமபக்க முக்கோணம். அளவுகோல் இல்லை, கோணமானி இல்லை. 60 பாகை கையில் வந்துவிட்டது. ஏன் வந்தது என்று பிள்ளையைக் கேட்டால், தூக்கிய பக்கமும் கிடந்த பக்கமும் ஒரே தாளின் பக்கம்தானே என்று பதில் வரும். நிரூபணம் என்பது அவ்வளவுதான்.

சுந்தர ராவின் வழியில் இன்னொருவர் வந்தார். சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்த பி.கே. சீனிவாசன். காலண்டர் தாளையும் மடித்த தாளையும் வைத்துக்கொண்டு கணிதம் காட்டியவர். பள்ளிகளில் கணித மன்றங்கள் வளர்த்தார். ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கினார். 1993இல் அவர் முனைப்பில் ராமானுஜன் அருங்காட்சியகமும் கணிதக் கல்வி மையமும் உருவான இடம் ராயபுரம். அதுவும் ஒரு மீனவக் கரை. இந்தப் பொருத்தம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இன்று அரசே இதைக் கையில் எடுத்திருக்கிறது. 2022 நவம்பர் 28 அன்று திருச்சி மாவட்டத்தில் முதலமைச்சர் தொடங்கிவைத்த 'வானவில் மன்றம்', ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அறிவியலையும் கணிதத்தையும் செய்து பார்த்துக் கற்கும் திட்டம். சுமார் 13,200 அரசுப் பள்ளிகள். எழுநூறு சொச்சம் கருத்தாளர்கள். பரிசோதனைப் பொருள்கள் வைத்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள் அந்தக் கருத்தாளர்கள். நல்ல முயற்சி, மனதார வரவேற்கிறேன். ஆனால் கணக்கை நாமும் போட்டுப் பார்க்கலாமே. ஒரு கருத்தாளருக்குப் பதினெட்டு, பத்தொன்பது பள்ளிகள் வருகின்றன. ஒரு நாள் வந்து போனவர் மறுபடி அதே பள்ளிக்கு வர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகிவிடும். அந்த இடைப்பட்ட நாள்களில் பெட்டி வராது, வகுப்பாசிரியர்தான் இருப்பார். இது அரசுப் பள்ளிகளுக்கான திட்டம் என்பதால் இன்னொரு குறையும் உண்டு. குமரிக் கடற்கரையில் கோயில்களை ஒட்டி நடக்கும் உதவிபெறும் பள்ளிகள் நிறைய. அங்கு படிப்பதும் அதே மீனவப் பிள்ளைகள்தான்.

இதற்கு முன் நடந்ததிலிருந்தும் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ரிஷிவேலிப் பள்ளியின் முறையைத் தழுவிச் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள், பாசிமணி எடுத்து எண்ணினார்கள், ஆசிரியரும் கீழே இறங்கி உட்கார்ந்தார். அந்தக் காட்சி ஒன்றுக்காகவே அந்தத் திட்டத்தைப் பாராட்டலாம். ஆனால் சில வகுப்பறைகளில் அந்த முறையின் பாட அட்டை இன்னொரு பாடநூலாகிவிட்டதையும் பார்த்தேன். ஒரு அட்டையை முடித்து அடுத்த படி ஏறுவதில் இருந்த அவசரம் யோசிப்பதில் இல்லை. கையில் பொருளைக் கொடுத்துவிட்டால் மட்டும் கற்றல் நடந்துவிடாது. பாட்டிலுக்குள் முட்டை நுழைவதைக் காட்டி, பிள்ளைகள் கைதட்டி, மணியடித்து வீட்டுக்குப் போனால் அது வித்தை காட்டியதாகத்தான் முடியும்.

தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் ட்யூபையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுத்த அரவிந்த் குப்தா, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த பொறியாளர். 1978இல் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் கிராமங்களுக்குப் போனார். அங்கே 1972 முதல் 2002 வரை முப்பது ஆண்டுகள் நடந்த அறிவியல் கல்வித் திட்டத்தில் பிள்ளைகள் தாங்களே செய்தார்கள், தாங்களே அட்டவணை போட்டார்கள், முடிவு என்ன என்று தங்களுக்குள் வாதாடினார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த அட்டவணையும் வாதமும்தான். அதோடு நான் ஒன்றைச் சேர்ப்பேன்: செய்வதற்கு முன்னால் பிள்ளை தன் ஊகத்தைச் சொல்லி, நோட்டில் எழுதிவிட வேண்டும். எழுதிய ஊகம் பொய்க்கும்போது வருகிற திகைப்புதான் பாடம் நுழையும் வாசல்.

இந்தக் கரையில் இது வெறும் படிப்பு விஷயமும் இல்லை. 2017 நவம்பர் 30ஐக் குமரிக் கடற்கரையில் யாரும் மறக்கமாட்டார்கள். ஒக்கி புயல். கடலுக்குப் போன அப்பாக்கள் பலர் திரும்பவில்லை. புயல் அறிவிப்பு பேசும் மொழி நாட், ஹெக்டோபாஸ்கல், தாழ்வு மண்டலம். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகை அடிக்கும் விசை நான்கு மடங்காகும். மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. இருபது நாட்டும் நாற்பது நாட்டும் கேட்பதற்கு 'கொஞ்சம் கூட' என்பதுபோல் இருக்கும், கடலில் அப்படி இல்லை. அன்றைக்கு எச்சரிக்கை போய்ச் சேர்ந்த விதத்தில் பல குறைகள் இருந்தன, அந்தப் பழியை மீனவரின் படிப்பின்மேல் போடுவது பாவம். ஆயினும் அடுத்த தலைமுறை அந்த எண்ணைக் கேட்டவுடன் அதன் கனத்தை உடம்பில் உணர வேண்டும் என்பது என் ஆசை.

இந்த இருமடங்கு-நான்குமடங்கு விவகாரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்க முடியுமா? பாட்டா வீட்டுத் திண்ணையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முயன்று பார்த்தோம். பேரன், ஏழாம் வகுப்பு படிக்கும் அவன் தங்கை, பக்கத்து வீட்டுச் சிறுவன் ஒருவன். வலையில் கட்டும் ஈயக்குண்டு ஒன்று, நைலான் நூல், தையல் டேப், என் கைப்பேசி. செலவு ஒன்றுமில்லை.

கட்டிய இடத்திலிருந்து குண்டின் நடுவரை 25 சென்டிமீட்டர் வைத்தோம். ஓரிரண்டு விரல் தூரம் மட்டும் இழுத்துவிட்டு, போய் வந்தால் ஒன்று என்று எண்ணி, பத்து வரை. பத்து விநாடி. "ரெண்டு குண்டு சேத்துக் கட்டினா?" என்று கேட்டேன். மூவரும் ஒரே குரலில் "வேகமா ஆடும்" என்றார்கள். எழுதச் சொன்னேன். கட்டி ஆட்டினோம். பத்து விநாடி. பேரன் நம்பாமல் மறுபடி எண்ணினான். பத்துதான். கலீலியோ பீசா நகரத்துக் கோயில் விளக்கைப் பார்த்து யோசித்ததாகச் சொல்வார்களே, அந்த இடத்துக்கு மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

"சரி, பத்து ஆட்டம் இருபது விநாடி ஆகணும். நூல் எவ்வளவு வேணும்?" மூவரும் 50 என்று எழுதினார்கள். அளந்து கட்டினோம். பதினான்கு விநாடி. தங்கைக்குக் கோபமே வந்துவிட்டது. டேப் தப்பு என்றாள். பக்கத்து வீட்டுப் பையன் மாற்றி அளந்தான். பதினான்குதான். 75 வைத்தார்கள். பதினேழு. 100 வைத்தார்கள். இருபது. திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தங்கை நோட்டில் 25க்கு நேரே 10, 100க்கு நேரே 20 என்று எழுதி, இரண்டையும் வட்டமிட்டு வைத்தாள்.

இந்த இடத்தில் சூத்திரத்தைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். ஆசிரியர்களுக்கு இதுதான் கடினம். எனக்கும் கடினமாகத்தான் இருந்தது. "முப்பது விநாடிக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"25லேருந்து 100க்கு 75 கூட்டினோம். இன்னொரு 75 கூட்டினா 175" என்றான் பேரன். நல்ல ஊகம், நியாயம் இருக்கிறது. 175 வைத்து ஆட்டினான். இருபத்தாறரை. முகம் வாடிப் போனது. தங்கை தரையில் பதித்திருந்த சதுர ஓடுகளை விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள். ஒரு ஓடு. பக்கத்துக்கு இரண்டாக நாலு ஓடு. அப்புறம் பக்கத்துக்கு மூன்றாக ஒன்பது ஓடு. "ஒம்பது இருவத்தஞ்சு எவ்ளோ?" என்று யாரிடமும் இல்லாமல் கேட்டுவிட்டு அவளே எழுதினாள்: 225.

வர்க்கம் என்று பெயர் சொல்லிக்கொடுத்தேன். பெயர் ஏற்கெனவே தெரியும் என்றாள், "இதுக்குத்தான் அதுன்னு தெரியாது." காற்றின் விசையிலும் இதே வர்க்கம்தான் என்றேன். லைட்டவுசிலும் இருக்கிறது. கண் இருக்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். கடல்மட்டத்திலிருந்து கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் நாலேகால் கிலோமீட்டர் சொச்சம். நான்கு மடங்கு உயரம், அதாவது கண் ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும்படி பாறைமேல் ஏறினால் இரண்டு மடங்கு. கடலுக்குப் போகும் வள்ளம் கரையில் நிற்பவன் கண்ணுக்கு மறைந்த பிறகும் பாறைமேல் நிற்பவனுக்குத் தெரிவது ஏன் என்று பேரனுக்கு நான் சொல்லவேண்டியிருக்கவில்லை. அவன் தினமும் பார்ப்பதுதான்.

225 சென்டிமீட்டர் நூலைத் தொங்கவிடத் திண்ணையில் உயரம் போதவில்லை. மூவரும் மொட்டைமாடிக்கு ஓடினார்கள். பாட்டா வலையைக் கீழே வைத்துவிட்டு நூலை வாங்கி, இரண்டு கைகளையும் விரித்து அளந்தார். "ஒண்ணேகால் பாகம்" என்றார். டேப்போடு ஒப்பிட்டால் சரியாகவே இருந்தது. கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கழியை நீட்டி, அதன் முனையில் கட்டி, குண்டு முற்றத்தில் ஆடும்படி விட்டார்கள். பேரன் மேலே, தங்கை கீழே, நான் கைப்பேசியோடு நடுப்படியில்.

குண்டு நிதானமாகப் போனது, வந்தது. தெருவில் போன ஒரு அக்கா நின்று பார்த்தார். எட்டு, ஒன்பது, பத்து. முப்பது விநாடியும் ஒரு துளியும்.

தங்கை குதித்த குதியில் முற்றத்துக் கோழி பறந்தது. பாட்டா சிரிக்கவில்லை. ஆடிக்கொண்டேயிருந்த குண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "அப்பம் நாப்பது ஆவணும்னா எத்தன பாகம் வேணும் மக்கா?"